அண்ணையும் திங்கள், வியாழன் சிநேகிதர்களும்

அண்ணையின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, எங்களோடு இருந்து சாப்பிட்டு, இந்தச் சிறிய நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது.

தேவாரங்களும் எங்கள் குடும்ப வழியும் முன்பக்கங்களில் உள்ளன. இந்தக் கட்டுரையை என்னை எழுதச் சொன்னார்கள். அண்ணையுடன் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். வேறு யாரிடமும் கொடுக்க முடியாது.

முதலில் ஒன்று எழுதினேன். பொறுமையானவர், எல்லாருக்கும் உதவியவர், நோயைச் சிரித்த முகத்தோடு தாங்கியவர் என்று இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அவர் இறந்த எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு அன்று நான் அறிந்த ஒரு விசயம் அதில் இருக்கவில்லை. அதை விட்டுவிட்டு அண்ணையைப் பற்றி எழுத எனக்கு இனி முடியாது. என் கணவரிடம் சொன்னேன். அவர், "எழுது. ஆனால் அச்சடிச்சாப் பிறகு அழிக்கேலாது. அதை யோசிச்சு எழுது" என்றார். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணை வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் பழைய வீட்டில் பிறந்தார். தகப்பனை நாங்கள் ஐயா என்போம். அவர் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தார். அண்ணைக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை ஒன்று காய்ச்சலில் தவறிப்போக, ஒன்பது வருட இடைவெளியில் நான் பிறந்தேன். என்னைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டு அயலெல்லாம் காட்டித் திரிந்தாராம். அப்போதே அவருக்கு ஒரு வீட்டுக்குள் நுழைய ஏதாவது சாட்டு வேண்டும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

போர்க்காலத்தில் ஐயா தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது ஷெல் விழுந்து இறந்தார். அண்ணை அப்போது சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதவில்லை. ஐயா விட்ட இடத்திலிருந்து அந்த வெங்காயத்தை அவர்தான் கிண்டி விற்றார். சில வருடங்களுக்குப் பின் வந்த பெரிய இடப்பெயர்வின்போது அம்மாவையும் என்னையும் தென்மராட்சிக்குக் கூட்டிச் சென்றார். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு இருந்தோம். பத்தாம் நாளில் அந்தப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் அண்ணையைத் தெரிந்திருந்தது. யாருக்குக் காய்ச்சல், யாருடைய பிள்ளை வழியில் காணாமல் போய்விட்டது, யாரிடம் ஒரு சுண்டு அரிசி கடனாகக் கேட்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அம்மா அங்கேயே வயிற்றோட்டத்தில் இறந்தார். நாங்கள் இருவர் மட்டும் ஊர் திரும்பினோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு எனக்குத் தாயும் தகப்பனும் அண்ணைதான் என்று எழுதுவது வழக்கம். அது வழக்கத்துக்கு எழுதுவதல்ல. நான் பெரியபிள்ளையாகி எனக்குச் சடங்கு நடந்தபோது பக்கத்து வீட்டு மாமியிடம் போய் என்ன என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவர் அவர்.

பிறகு அவருக்கு மின்மானி வாசிக்கும் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றரைப் பார்த்து எண்ணை எழுதிவரும் வேலை. அண்ணைக்கென்றே செய்துவைத்த வேலை அது என்று எல்லாரும் சொன்னார்கள். இருபத்துநான்கு வருடம் செய்தார். வலிகாமத்தின் மேற்குப் பக்கத்தில் அவர் காலடி படாத முற்றம் குறைவு. எந்த வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பதுகூட அவருக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லாரும் கனடாவில் இருக்க, தனியே இருக்கும் வயோதிபர்கள், கைப்பேசியில் பிள்ளைகளின் படம் வராமல் போனால் மீற்றர்க்காரர் வரும்வரை காத்திருப்பார்கள். செத்தவீட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ரை மீற்றர் படலைக்கு வெளியிலைதான் பிள்ளை இருக்கு. உள்ளை வரத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாசமும் உள்ளை வந்து, எப்பிடியம்மா இருக்கிறியள் எண்டு கேட்டிட்டுத்தான் போறவர்."

எல்லை வேலிப் பிரச்சினையால் பல வருடங்களாகக் கதையாமல் இருந்த இரண்டு சகோதரர்களின் வீடுகளும் அண்ணையின் வழியில் இருந்தன. அவர் இரண்டு வீட்டிலும் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார். இந்த வீட்டில் மகளுக்குப் பரீட்சை நடப்பதை அந்த வீட்டில் சொல்வார். அந்த வீட்டில் மனைவி வருத்தமாய், உடம்புக்கு முடியாமல் இருப்பதை இந்த வீட்டில் சொல்வார். தான் செய்வது தூது என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அந்தச் சகோதரர்கள் இருவரும் செத்தவீட்டுக்கு வந்தார்கள். பந்தலில் ஆளுக்கொரு பக்கமாக நின்றுவிட்டுப் போனார்கள். இனி அவர்களுக்கிடையில் போய்வர ஆளில்லை.

அண்ணை கல்யாணம் செய்யவில்லை. என்னுடையது முடியட்டும் என்றார். முடிந்த பிறகு, "இப்ப ஆர் பொம்பிளை தரப்போகினம்" என்று சிரித்தார். எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்தார். என் இரண்டு பெண்பிள்ளைகளும் அவரை "பெரியமாமா" என்பார்கள். ஆனால் சின்னமாமா என்று யாரும் இல்லை. அவரே அப்படிக் கூப்பிடப் பழக்கினார், பெரியவர் என்று ஒருவராவது சொல்லட்டுமாம்.

நோய் அவருக்கு வந்த வழியும் அந்த வேலைதான். எந்த வீட்டிலும் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எட்டு, பத்துக் கோப்பை. ஒவ்வொன்றிலும் சீனி. வேண்டாம் என்றால் அந்த வீட்டில் மனம் நோகும் என்பார். நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், இருப்பது தெரிந்த பிறகும் எங்கள் வீட்டில் மட்டும் சீனி இல்லாமல் குடித்தார். வெளியில் குடிப்பதை நான் கேட்டால், "அரைக் கரண்டிதான்" என்பார். எத்தனை வீட்டு அரைக் கரண்டி என்று நான் கேட்கவில்லை. முதலில் காலில் ஒரு விரல் போனது. பிறகு கண் மங்கியது. பிறகு ஒருநாள் முகமும் காலும் வீங்கி மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்கள்.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம். ஒரு நாளில் குடிக்கக் கூடியது அரை லீற்றர் தண்ணீர், அதற்குள்தான் தேத்தண்ணீரும் கறியின் குழம்பும். வேலையை விட்டார். முதல் மாதம் அவர் யாரோடும் பேசவில்லை. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். ஒரு பின்னேரம் அவர் மீற்றர் பார்த்த வீட்டுக்காரர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தபோது, படலையில் சத்தம் கேட்டவுடன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "நித்திரை எண்டு சொல்லு" என்றார். அண்ணை ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நான் அன்றுதான் கண்டேன்.

அவரைத் திரும்ப எழுப்பியவர்கள் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள்.

ஒருவர் குருநகரைச் சேர்ந்த யேசுதாசன். கடலுக்குப் போனவர். இரத்த அழுத்தத்தைக் கவனியாமல் விட்டு இந்த நிலைக்கு வந்தவர். அண்ணையைவிட ஐந்தாறு வயது இளையவர். மற்றவர் தெல்லிப்பழையைச் சேர்ந்த சிவபாதம் ஐயா. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. எல்லாரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். மூவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம், அடுத்தடுத்த கட்டில்.

நான் அண்ணையோடு போய் வெளியில் மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். கதவு திறந்து மூடும்போது அவர்கள் குரல் கேட்கும். நாலு மணித்தியாலமும் சாப்பாட்டுக் கதைதான். யேசுதாசன் கூழுக்கு நண்டை எப்போது போடுவது என்று விளக்குவார். வாத்தியார் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எப்படிக் கடிக்க வேண்டும் என்று சொல்வார். மூவரும் தொடக்கூடாத சாப்பாடுகள் அவை.

"வாத்தியார், இண்டைக்கு எத்தினை கிலோ ஏறியிருக்கு?"

"ரெண்டரை."

"கள்ளமாத் தண்ணி குடிச்சிருக்கிறியள்."

"வெயில் யேசு. நாக்கு ஒட்டுது."

"ஐஸ் துண்டைச் சூப்புங்கோ எண்டு சொன்னனானெல்லோ," என்று அண்ணையின் குரல் இடையில் வரும். "ஒரு துண்டு அரை மணித்தியாலம் வரும். நான் ரெண்டு வீட்டுத் தேத்தண்ணியை அப்பிடித்தான் இப்ப சூப்புறன்."

முதலில் நால்வர். நாலாவது கட்டிலில் ஒரு தபால் அதிபர் இருந்தார். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஞாயிறு இறந்துவிட்டார் என்று தாதி சொன்னார். அன்றே அந்தக் கட்டிலில் புதியவர் ஒருவர் படுத்திருந்தார், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு. அரை மணித்தியாலத்துக்குள் அவர் எந்த ஊர், யாருடைய மருமகன், அவர் வீட்டு மீற்றர் எந்தச் சுவரில் இருக்கிறது என்பது வரை அண்ணை சொல்லிவிட்டார். அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். அண்ணை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

அதற்குப் பிறகு மூவரும் ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார்கள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. "நிக்கிறியோ?", அதாவது இன்னும் இருக்கிறாயா, என்று ஒருவர் கேட்பார். "நிக்கிறன்" என்று மற்றவர் சொல்வார். வைத்துவிடுவார்கள்.

இரண்டாம் வருடத்தில் வைத்தியர் மாற்றுச் சிறுநீரகம் பற்றிச் சொன்னார். குடும்பத்தில் யாராவது கொடுக்க முன்வந்தால் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவில் வைத்தே, "நான் தாறன்" என்று அண்ணையிடம் சொன்னேன். அண்ணை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஓம். பாப்பம்" என்றார். என் கணவரும் சம்மதித்தார். இரத்த வகை ஒன்றாக இருந்தது. அடுத்த சோதனைகளுக்கு ஒரு புதன்கிழமை என்னை வரச் சொன்னார்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோறு குழைத்து வைத்துவிட்டு இருப்பேன். சின்ன மகளின் தலையைப் பின்னும்போது, நான் இல்லாவிட்டால் இதை யார் செய்வது என்று நினைப்பு வரும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி அலுமாரியில் வைத்தேன். ஆனால் யாராவது கேட்டால் தைரியமாகத்தான் பேசினேன். "என்னை வளர்த்தவர், இதுகூடச் செய்யமாட்டனோ" என்றேன். அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருந்தன.

அந்தப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்பதால் அண்ணை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். வந்து கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றினார்.

"தங்கச்சி, புதன்கிழமை நீ போகத் தேவையில்லை."

"ஏன் அண்ணை?"

"டொக்டர் என்ரை இதயத்தை ஸ்கான் பண்ணிப் பாத்தவர். ஒப்பரேசனுக்குத் தாங்காதாம். இந்தக் கதையை விடுவம்."

நான் குசினிக்குள் போனேன். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அங்கே நின்று அழுதேன். அழுகையோடு சேர்ந்து வந்தது ஆறுதல். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அண்ணை எதிரில் இருந்தார். "நல்லாச் சாப்பிடு" என்றார்.

அதன்பிறகு ஒன்றரை வருடம் அண்ணை இருந்தார். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தார். தோல் கறுத்தது, இரவும் பகலும் சொறிந்துகொண்டிருந்தார். கடைசியாக ஊசி போடும் கையில் கிருமி பிடித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை யேசுதாசனும் வாத்தியாரும் வந்து பார்த்தார்கள். இருவருக்கும் நடக்கவே கஷ்டம். அண்ணைக்கு நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. "நிக்கிறியோ?" என்று யேசுதாசன் குனிந்து கேட்டார். அண்ணை கண்ணைத் திறந்து பார்த்தார்.

அன்று பின்னேரம் என்னிடம், "பிள்ளையளுக்கு ரியூசன் விடுற நேரமாச்சு. நீ போ" என்றார். போனேன். புதன்கிழமை விடியும் நேரத்தில் காலமானார்.

வியாழக்கிழமை தகனம் செய்தோம். அண்ணையின் செத்தவீட்டுக்கு வந்த சனம் ஒழுங்கை முழுக்க நின்றது. யார் யார் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் அண்ணை எந்தக் கதிரையில் இருப்பார் என்று என்னிடம் சொன்னார்கள். ஆனால் யேசுதாசனும் வாத்தியாரும் வரவில்லை. அன்று வியாழன். அவர்களுடைய நாள். வந்திருந்தால் அவர்களுக்கு மூச்சு முட்டியிருக்கும். சுடலையில் நெருப்பு வைத்த நேரம் அவர்கள் இருவரும் கட்டிலில் குழாயோடு படுத்திருந்தார்கள். நடுக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அவர்கள் எட்டுச் செலவு அன்று வந்தார்கள். புதன்கிழமை. அயலட்டைப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். நான் அன்று நிறையப் பேசினேன். வாய் நிற்கவில்லை. "நான் தாறனெண்டு சொன்னனான். இரத்தமும் பொருந்தினது. அவரின்ரை இதயம் மட்டும் நல்லா இருந்திருந்தால் இண்டைக்கு அண்ணை இருந்திருப்பார்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ சொன்னபோது யேசுதாசன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"அவருக்கு இதயத்திலை ஒண்டும் இருக்கேல்லை."

"யேசு, விடும்," என்றார் வாத்தியார்.

"எவ்வளவு நேரம் வாத்தியார் கேட்டுக்கொண்டிருக்கிறது? என்னாலை ஏலாது." யேசுதாசன் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "டொக்டர் செய்யலாமெண்டுதான் சொன்னவர். நான் பக்கத்துக் கட்டில். கேட்டுக்கொண்டு கிடந்தனான். உங்கடை அண்ணைதான் வேண்டாமெண்டவர்."

"பின்னை என்னத்துக்கு என்னட்டை அப்பிடிச் சொன்னவர்?" என்று கேட்டேன்.

"பயம். ஒப்பரேசன் எண்டால் சரியான பயம் அவருக்கு. மயக்கினாப் பிறகு எழும்பாட்டி என்ன செய்யிறது யேசு எண்டு என்னட்டைக் கேட்டவர்."

வாத்தியார் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது முழுக்கதை இல்லை என்று தெரிந்தது.

"உங்களுக்கு என்ன சொன்னவர் ஐயா?"

"அதை விடுங்கோ பிள்ளை. போன மனிசன்."

"சொல்லுங்கோ."

"எனக்குப் பயமெண்டு சொல்லேல்லை." அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "தங்கச்சி ஓமெண்டு சொன்னவள் வாத்தியார், ஆனால் அண்டைக்குத் தொட்டு அவள் சாப்பிடேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் எண்டவர்."

நான் எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் இருவருக்கும் அன்று என் கையால் ஒன்றும் கொடுக்கவில்லை. என் கணவர்தான் அவர்களை ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார். வாத்தியார் படலையில் நின்று, "நாங்கள் சொல்லியிருக்கக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னதாகக் கணவர் பிறகு சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். ஒன்றரை வருடம் தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்கப் போனேன். வாத்தியார் அன்று மயக்கத்தில் இருந்தார். இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. யேசுதாசன் விழித்திருந்தார். நான் கேட்டேன்.

"அவர் எங்களிட்டைச் சத்தியம் வாங்கினவர் தங்கச்சி," என்றார். பிறகு, "நான் அவரோடை நாலு கிழமை கதைக்கேல்லை, தெரியுமோ?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஒரு நாலு வாரம் பின்னேரங்களில் அவருடைய தொலைபேசி வராமல் இருந்தது நினைவுக்கு வந்தது. யேசுதாசனின் கைப்பேசி பழுது என்று அண்ணை சொல்லியிருந்தார்.

"எனக்கு ஆறு சகோதரங்கள். மூண்டு பிள்ளையள். ஒருத்தரும் தாறனெண்டு சொல்லேல்லை. நான் அவையைப் பிழை சொல்லேல்லை. ஆனால் இவருக்கு ஒருத்தி தாறனெண்டு வந்து நிக்கிறா, இவர் வேண்டாமெண்டு விட்டிட்டு வந்து எனக்குப் பக்கத்திலை படுக்கிறார். எனக்கு விசர் வந்தது. நீ பெரிய ஆளோ எண்டு கேட்டனான். இந்தக் கட்டிலிலை கிடந்துகொண்டு கேட்டனான். அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்."

"பிறகு எப்பிடிக் கதைச்சனீங்கள்?"

"பிறகென்ன. ஒருநாள் எனக்குக் காலிலை பிடிப்பு வந்து கத்தினன். அவர் தன்ரை குழாயோடை எட்டி என்ரை காலைப் பிடிச்சு உருவிவிட்டார். தாதி ஏசினவா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இப்பவும் எனக்குக் கோபம்தான். அவர் செய்தது சரியெண்டு நான் சொல்லமாட்டன்."

"அவர் பயந்ததோ, என்ரை முகத்தைப் பாத்ததோ? எது உண்மை?"

"தெரியாது தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னனான்."

அங்கிருந்து வைத்தியரிடம் போனேன். அவர் இளம் பெண். என்னை ஞாபகம் வைத்திருந்தார். அண்ணையின் மருத்துவக் கோப்பினை எடுத்துப் பார்த்துவிட்டு, "அவர் விரும்பேல்லை எண்டு கையெழுத்து வைச்சவர். காரணம் சொல்லேல்லை. நாங்கள் ரெண்டு தரம் யோசிக்கச் சொன்னனாங்கள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டிலை கதைச்சு எடுத்த முடிவெண்டு எங்களிட்டைச் சொன்னவர்" என்றார். கையெழுத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காட்டினார். அண்ணையின் கையெழுத்துத்தான். மீற்றர் எண் எழுதி எழுதிப் பழகிய, ஒன்றோடொன்று தொடாத எழுத்துகள்.

ஒரு வீட்டில் தாங்கக்கூடிய கதையை அந்த வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது அண்ணையின் பழக்கம். யேசுதாசனுக்கு ஒன்று சொன்னார். வாத்தியாருக்கு ஒன்று சொன்னார். எனக்கு ஒன்று சொன்னார். எனக்குச் சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பயமும் இருந்திருக்கும். என் தட்டையும் பார்த்திருப்பார். எது எவ்வளவு என்று கேட்க இனி ஆளில்லை.

நான் கொடுத்திருந்தால் அண்ணை கட்டாயம் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னார். அதை நம்புகிறேன். கொடுத்திருந்தால் நான் இறந்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார். அதையும் நம்புகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மூன்று வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு திங்களும் வியாழனும் அண்ணையின் கையில் ஊசி போட்டு, அவர் பகிடிக்குச் சிரித்த தாதியர்களுக்கும், கடைசி நாட்களில் தங்களால் இயன்றதெல்லாம் செய்த வைத்தியர்களுக்கும், விடியற்காலையில் ஒருநாளும் பிந்தாமல் வந்து ஏற்றிச்சென்ற ஓட்டோச் சாரதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிரியைகளைச் செய்த ஐயருக்கும், பந்தல் போட்டு, சமைத்து, எட்டு நாளும் எங்களைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நன்றி. அண்ணைக்குத் தங்கள் வீட்டில் ஒரு கதிரை போட்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் நன்றி.

யேசுதாசன் அவர்களுக்கும் சிவபாதம் ஐயா அவர்களுக்கும் நன்றி என்று எழுதுகிறேன். எட்டுச் செலவு அன்று அவர்களுக்குக் கொடுக்காத சாப்பாட்டை இன்று என் கையால் கொடுப்பேன், அளவான தண்ணீரோடு. வாத்தியார் வரக்கூடிய நிலையில் இருப்பாரோ தெரியாது. இருந்தால் ஓட்டோ அனுப்புவேன். இல்லாவிட்டால் நான் கொண்டுபோவேன்.

இந்த மலரை வாங்கிச் செல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளிலும் இந்த நோய் இருக்கிறது. நாளை உங்களில் ஒருவர் தருகிறேன் என்று முன்வரலாம். நோயாளி ஒருநாள் தனியே போய்வந்து, இனி நீ வரத் தேவையில்லை, டொக்டர் அப்படிச் சொன்னார் என்று சொல்லலாம். அந்தச் சொல்லை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் நீங்களே போய் வைத்தியரிடம் கேளுங்கள்.

எனக்கு அந்தப் புதன்கிழமை வேறு வேலை இருக்கவில்லை. பஸ் இருந்தது. நான் போய்க் கேட்கவில்லை.

தங்கை